கழுதைக்கும் கழுவுக்கும் நடுவில்

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பது திரிந்துபோன பழமொழியாம். கழு என்று ஒரு கோரைப்புல் உண்டு, அதில் பாய் தைத்தால் கற்பூர வாசம் வரும், ஆகவே ‘கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை’ என்பதே சரி என்கிறார்கள். ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதும் ‘ஆயிரம் வேரைக் கொண்டவன்’தானாம். என் ஆச்சி கழுதை என்றுதான் சொல்வார். மகன் பள்ளிப் பேச்சுப் போட்டியில் இதைப் பேசப்போகிறான். எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆச்சி சொன்னதையே சொல்லிக்கொடுங்கள்.

கழு, கழுதை என்று பிரித்து விளையாடத் தமிழ் இடம்கொடுக்கிறது. கன்னடக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, அவர்களோ ‘கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள’ என்கிறார்கள், கழுதைக்கு என்ன தெரியும் கஸ்தூரி வாசம் என்று. தெலுங்குக் கழுதைக்குத் தெரியாதது சந்தன வாசனை. மலையாளத்தில் பூந்தானம் பாடிய ஞானப்பானயில் குங்குமத்தின் மணம் தெரியாமலே அதைச் சுமக்கும் கழுதை வருகிறது. இன்னும் பின்னால் போனால் சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய வடமொழி மருத்துவ நூல், பொருள் புரியாமல் சாஸ்திரங்களைப் படிக்கிறவனைப் பற்றிப் பேசும்போது, சந்தனக்கட்டை சுமக்கிற கழுதைக்குப் பாரம் தெரியும், சந்தனம் தெரியாது என்கிறது. அக்கம்பக்கத்து மொழிகளில் எல்லாம் ஒரே கழுதை மூட்டையோடு நடந்துகொண்டிருக்கும்போது தமிழில் மட்டும் அது புல்லாக இருந்து பிறகு கழுதையாக மாறியது என்றால் எப்படி நம்புவது?

அப்புறம் அந்தத் ‘தைக்க’. கோரைப்பாயை நெய்வார்கள். பத்தமடையில் போய்ப் பாருங்கள், தறியில் நூல் பாவு ஓட்டி அதில் கோரையை ஊடாக விட்டு நெய்கிறார்கள். ஓலைப்பாய் என்றால் முடைவார்கள். தைப்பது இலையை. பாய் தைப்பதாக ஒரு பழமொழியைத் திருத்துகிறவர் பாய் நெய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வைத்தியன் விஷயமும் இதே மாதிரிதான். ‘சதமாரீ பவேத் வைத்யஃ, ஸஹஸ்ரமாரீ சிகித்ஸகஃ’ என்று வடமொழியில் ஒரு பழைய வரி உண்டு: நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் சிகிச்சை செய்பவன். அங்கே பேருக்கும் வேருக்கும் எதுகை கிடையாது, சாவுதான் பேச்சு. பழமொழி கடுமையாக இருக்கிறதே, நம் முன்னோர் இப்படிச் சொல்லியிருப்பார்களா என்ற தயக்கத்தில்தான் இந்தத் திருத்தங்கள் பிறக்கின்றன. சொல்லியிருப்பார்கள் சகோதரி. கோபமும் கேலியும் நிறைய உள்ள மனிதர்கள்தான் அவர்கள். இனி இப்படி எது வந்தாலும் பீட்டர் பெர்சிவல் 1874இல் வெளியிட்ட தமிழ்ப் பழமொழித் தொகுப்பையோ ஜென்சன் 1897இல் வெளியிட்டதையோ ஒரு தடவை புரட்டிவிடுங்கள். பெர்சிவல் மட்டுமே ஆறாயிரத்துக்கும் மேல் சேர்த்திருக்கிறார், வாட்ஸ்அப்புக்கு ரொம்ப முன்னால்.

‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்பதையும் விட்டுவைக்கவில்லை, அது ‘மண் குதிர்’, ஆற்று நடுவில் உள்ள மணல்மேடு என்று ஒரு செய்தி சுற்றுகிறது. ஈரக் களிமண்ணில் பிள்ளைகள் பிடித்த குதிரை தண்ணீர் பட்டதும் காலிலிருந்து கரைவதை நினைத்துப் பாருங்கள், அதைவிடத் தெளிவாக வேறு எதைச் சொல்ல வேண்டும்?

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருப்பது குதிர் என்ற சொல்தான். அது நெல் கொட்டி வைக்கும் மண் கலம். உறை உறையாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கி, சந்துகளை மண் பூசி மூடி, மேலே நெல்லைக் கொட்டி, அடியில் ஒரு துவாரம் வைத்துத் துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள், துணியை உருவினால் நெல் சரசரவென்று இறங்கும். கடன்காரனுக்குப் பயந்து ஒருவர் இதற்குள் ஒளிந்துகொண்டதால்தான் அவர் மகன் ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று உளறினான். இன்றைக்கும் அந்தப் பழமொழியை எல்லாரும் சொல்கிறோம். குதிர் என்றால் என்ன என்று கேட்டால் சின்னவர்கள் பலரும் விழிக்கிறார்கள். தெற்கே கரிசல் பக்கம் குலுக்கை என்பார்கள், மரத்தில் செய்தது பத்தாயம்.

உங்கள் ஆச்சி வீட்டில் இதற்கு என்ன பெயர்? மகனையே கேட்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள். குதிரின் அடித் துவாரத்துக்கும் அதை அடைக்கிற துணிக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால் அதையும் சேர்த்து.

அன்புடன்.