பொறியியல் முதலாண்டு மாணவர்கள் இயற்பியலில் மதிப்பெண் வாங்குகிறார்கள், ஆனால் புரிந்துகொள்வதில்லை. எப்படிக் கற்பித்து எப்படி மதிப்பிடுவது?

சென்னையில் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன். முதலில் மாற வேண்டியது நாம் கேட்கும் கேள்விதான்.

ஓஎம்ஆர் சாலையில் ஒரு தண்ணீர் லாரி ஸ்கூட்டர் மீது மோதுகிறது. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? வகுப்பில் கேட்டால் பெரும்பாலோர் லாரி என்றுதான் சொல்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியிலேயே எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் இவர்கள். இரண்டு விசைகளும் சமம்; ஸ்கூட்டரின் நிறை குறைவு, அதனால் அதன் முடுக்கம் பல மடங்கு அதிகம். சேதத்தைப் பார்த்து விசையை ஊகிப்பதுதான் சிக்கல்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. இதே போன்ற, கணக்கு போடத் தேவையில்லாத கேள்விகளை இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனஸின் குழு 1992-ல் அமெரிக்காவில் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. இத்தகைய கேள்விகளுக்கு 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அளித்த விடைகளை அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் அலசினார். பாடத்துக்கு முன் தெரியாமல் இருந்ததில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள் சராசரியாக 23 சதவீதத்தையே கற்றிருந்தன. மாணவர்கள் பேசி விவாதித்த வகுப்புகளில் அது 48 சதவீதம்.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் காட்டிய வழி எளிது. கேள்வியைக் கொடுத்து, தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி கேளுங்கள். அந்த வாதம் தமிழில் நடக்கட்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் வாய் திறப்பது அப்போதுதான். எவ்வளவு கூர்மையாக யோசிக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் நமக்கே தெரியும்.

சரி, தேர்வு? டார்ஷனல் பெண்டுலம் (கம்பியில் தொங்கி, முறுக்கிவிட்டால் இருபுறமும் திரும்பித் திரும்பி ஆடும் தட்டு) டெரிவேஷனை, அதாவது அதன் சூத்திரத்தை வருவிப்பதை, 13 மதிப்பெண்ணுக்கு மனப்பாடமாக எழுதிவிடுவார்கள். அதே பாடத்தில் இப்படிக் கேளுங்கள்: கம்பியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் அலைவு நேரம் கூடுமா, குறையுமா? ஏன்? ஆரத்தை இரட்டிப்பாக்கினால்? முதல் கேள்விக்கு √2 மடங்கு கூடும். இரண்டாவதில் கால் பங்காகக் குறையும், ஏனென்றால் முறுக்கு விறைப்பு (முறுக்குவதைக் கம்பி எவ்வளவு எதிர்க்கிறது என்பது) ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. காரணம் சொன்னதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள், கடைசி எண் தப்பாக இருந்தாலும். லேபில் அளவெடுக்கும் முன்பே ஊகத்தை ரெக்கார்டில் எழுதச் சொல்லலாம்.

“பல்கலைக்கழகத் தேர்வில் இப்படியெல்லாம் கேட்க மாட்டார்களே சார்” என்பார்கள். உண்மைதான். டெரிவேஷனையும் விடாமல் நடத்துங்கள். ஆனால் இன்டர்னல் தேர்வின் வினாத்தாளை எழுதுவது நாம்தான். அதில் பாதியையாவது இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஒதுக்குங்கள்.