கராஜ் வாசல்: ஹெட் கழற்றிப் பூட்டிய பிறகு ஏன் இந்தச் சத்தம்?

கேள்வி: எங்களிடம் இருப்பது கொரோலா 110, பெற்றோல் கார், 5ஏ எஞ்சின். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியால் வரும்போது கொதித்து நின்றுவிட்டது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி வவுனியாவுக்கு அனுப்பி மட்டம் பிடித்து, வால்வுகள் வந்து உட்காரும் சீற்றுகளையும் வெட்டி, புதுக் கஸ்கற் போட்டுப் பூட்டினார்கள். இப்போது கொதிப்பதில்லை. ஆனால் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம். "ஓட ஓட அடங்கும்" என்கிறார் பூட்டியவர். "ரப்பெற்றைக் (வால்வை அழுத்தும் துண்டை) கொஞ்சம் இறுக்கிவிட்டால் சரி" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
- ஓர் ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், ரீச்சர்.

தையல் மெஷின் என்று எழுதினீர்கள் பாருங்கள், பாதி விசயம் அதிலேயே இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் சுற்றுவது, பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பாதி வேகத்தில். ஐடிலில், அதாவது கார் நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால், தளர்ந்த ஒரு வால்வு 400 தரம்தான் தட்டும். விநாடிக்கு ஆறேழு. மெல்லிய, சீரான தாளம். அடியில் கிராங்கைத் தாங்கும் பெயரிங் போயிருந்தால் அது உரலில் இடிப்பது போலக் கனமாகக் கேட்கும், சுமை ஏறும்போது கூடும். கழற்றும்போது ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்ததா என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் கலந்த ஒயிலில் ஓடிய எஞ்சின் என்றால் பெயரிங்கையும் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் காசு செலவில்லாத சோதனை. விடிய, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்ராட் பண்ணுங்கள். முதலில் பலமாகத் தட்டி, பத்து நிமிடத்தில் சூடேறியதும் குறைந்தால், அது வால்வாக இல்லாமல் எக்ஸோஸ்ற் மனிபோல்ட் (ஹெட்டிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) கஸ்கற்றாக இருக்கலாம். ஹெட்டைக் கழற்றும்போது அதையும் விலக்கியிருப்பார்கள். திரும்பப் பூட்டும்போது பழைய கஸ்கற்றையே வைத்துவிடுவது நடக்கிற காரியம். இடைவெளியால் புகை வெடித்து வெளியேறும் சத்தமும் டிக் டிக் என்றுதான் கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபடும். பொருத்தில் கரி படிந்த கோடு தெரிகிறதா பாருங்கள். ஸ்ராட் பண்ணிய உடனே சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குமிழி விடும். சேலைத் தலைப்பு பெல்ற்றுப் பக்கம் போகாமல் கவனம்.

அங்கே இல்லையென்றால் ரப்பெற். உங்கள் எஞ்சினில் இறுக்குவதற்கு ஒன்றுமே கிடையாது! மொறிஸ் மைனரில் ஸ்குரூ இருக்கும், திருப்புளியும் ஸ்பானரும் போதும். 5ஏ எஞ்சினில் 16 வால்வு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கிண்ணம், அதன் மேல் நாணயம் போல ஒரு சிம் தகடு. கேமுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மாற்ற வேண்டுமென்றால் தடிப்பு வேறான தகடு போட வேண்டும். எந்தத் தகடு எந்த வால்வில் இருந்தது என்று குறிக்காமல், எல்லாவற்றையும் ஒரே பால்மா ரின்னுக்குள் போட்டுக் கழுவியிருந்தால், பிறகு ஒன்று தளர்வு, ஒன்று இறுக்கம்.

சத்தம் போடுகிற வால்வைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, ரீச்சர். சத்தமே போடாமல் இருக்கிறதே, அதுதான் பயம். சீற்றை வெட்டினால் வால்வு மேலே ஏறிவிடும், இடைவெளி குறையும். இறுகிய வால்வு சத்தம் தராது. ஆனால் முழுதாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டைச் சீற்றுக்குக் கடத்த வழியில்லாமல் விளிம்பு எரிந்துபோகும். அப்போது திரும்பவும் ஹெட் கழற்ற வேண்டும். ஆகவே ஆறிய எஞ்சினில் 16 இடைவெளிகளையும் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து, ஒரு கொப்பி ஒற்றையில் எழுதித் தரச் சொல்லுங்கள். காற்றும் பெற்றோலும் உள்ளே வரும் இன்லெற் பக்கம் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்க வேண்டும். எக்ஸோஸ்ற் பக்கம் அதைவிடச் சற்றுக் கூட. எழுதித் தரத் தயங்குகிறவர் அளக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஓட ஓட அடங்கும்" என்பது ஒயில் அழுத்தத்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும் ரப்பெற் உள்ள எஞ்சின்களுக்குப் பொருந்தும். தகடு தானாகத் தடிக்காது.

அளவெல்லாம் சரியாக இருந்தும் முன்பக்கத்தில் கலகலவென்று கேட்டால், கேம் சில்லைப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ற் ஒரு கேமைத்தான் சுற்றும். மற்றதை அந்தக் கேமின் பல்லுச் சில்லு சுற்றும். சில்லுகளில் ஒன்று இரட்டைத் தட்டு, நடுவில் வில். பல்லுக்குப் பல் ஆடாமல் பிடிப்பது அந்த வில்தான். கேமைத் தூக்குமுன் 6 மி.மீ. போல்ற் ஒன்றைப் போட்டு இரண்டு தட்டையும் சேர்த்துக் கட்டி, வேலை முடிந்ததும் அந்தப் போல்ற்றைக் கழற்ற வேண்டும். கட்டாமல் தூக்கினால் வில் விட்டுவிடும், சில்லு உலையும். இதை நானும் ஒருமுறை செய்துவிட்டு இரண்டு நாள் ரப்பெற்றையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. ஹெட்டை மட்டம் பிடித்தால் கொம்பிரசன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) கொஞ்சம் கூடும். ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் சலசலவென்று கேட்டால் அது எரிபொருள் தட்டுவது. ரைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பார்க்க வேண்டும். 1990களில் வன்னியில் பெற்றோல் கிடைக்காமல், அதில் ஒரு சொட்டு மட்டும் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெய்யில் கார் ஓடிய காலத்தில் தொழில் படித்தவர்கள் நாங்கள். அந்தத் தட்டல் எங்களுக்குத் தாலாட்டு மாதிரி.

கேள்வி: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?
- ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அதுவேதான் எஞ்சினுக்குள்ளும் படியும். கூலன்ற் விடுங்கள். வழியில் கொதித்தால் கிடைக்கிற தண்ணீரை விட்டு வீடு வந்து சேருங்கள், ஆனால் எஞ்சின் ஆறிய பிறகு. மூடியைச் சூட்டோடு திறந்த அடையாளம் என் வலது முன்கையில் இன்னும் இருக்கிறது.