கழுத்துக்கு மட்டும் சூடு

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு, சுட்ட பித்தளைக் கூடுகளை நானே மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறேன். ஐந்தாறு முறை சுட்ட பிறகு, கூட்டின் வாயில் புல்லட்டை அமர்த்தும்போது சில கூடுகளில் பிரஸ்ஸின் லீவர் சுலபமாக இறங்குகிறது, சிலவற்றில் அழுத்த வேண்டியிருக்கிறது. மூன்று கூடுகளின் கழுத்தில், அதாவது புல்லட்டைப் பிடிக்கும் குறுகிய வாய்ப்பகுதியில், கீறல் விட்டுவிட்டது. சூடாக்கிப் பித்தளையை இளக்கும் அனீலிங் செய்யச் சொல்கிறார்கள். எல்லாக் கூடுகளையும் தட்டில் அடுக்கி ஓவனில் வைத்துவிடலாமா? சூடாக்கித் தண்ணீரில் போட்டால் பித்தளை இறுகிவிடாதா?

பதில்: ஓவன் வேண்டவே வேண்டாம். சமையலறை ஓவனின் 250, 260 டிகிரி செல்சியஸில் கழுத்து சரியாக இளகாது. அதைவிடச் சூடான உலையில் வைத்தால் கழுத்தோடு அடிப்பாகமும் இளகிவிடும். ஆபத்து அங்கேதான். .308 தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதைத் தாங்குவதற்காகவே கூட்டின் அடியைக் கெட்டியாகச் செய்கிறார்கள். அது இளகினால், மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் உட்காரும் குழி தளரும். இன்னும் மோசமானால் அடி கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடும். சூடு கழுத்துக்கும், அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளுக்கும் மட்டும்தான்.

கழுத்து ஏன் இறுகுகிறது? பித்தளைப் பாத்திரம் அடிப்பவர்களைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துக்கொள்ளும். விடாமல் தட்டினால் ஓரம் வெடித்துவிடும். அதனால் நடுவில் நெருப்பில் காய்ச்சி இளக்கிக்கொண்டு மறுபடி தட்டுவார்கள். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த உங்கள் கூட்டுக்கும் அதே கதைதான். சுடும்போது கழுத்து விரிகிறது, கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் சைஸிங் டை என்ற அச்சு அதை நெரிக்கிறது, டைக்குள் இருக்கும் உருண்டை திரும்ப விரிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இறுகுகிறது.

இறுகிய பித்தளை டையில் நெரித்த அளவில் நிற்காது, ஸ்பிரிங் போலப் பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு அளவுக்குத் திரும்புவதால் புல்லட்டைப் பிடிக்கும் பிடியும் மாறுகிறது. உங்கள் லீவர் சொல்லும் சேதி அதுதான். நான்கு முறை சுட்டதும் ஏழு முறை சுட்டதும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். முதலில் அவற்றைப் பிரித்து வையுங்கள். அனீலிங்கின் நோக்கம் கழுத்தை மென்மையாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். நூறு கழுத்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

சரி, செய்முறைக்கு வருவோம். காலிக் கூடு, ப்ரைமர் கழற்றியது, துடைத்துச் சுத்தம் செய்தது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெடிமருந்து டப்பாவும் ப்ரைமர் பெட்டியும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். கையில் டிரில், அதில் அரை அங்குல டீப் சாக்கெட் (நட்டு திருகும் ஆழமான குழல்), மேசையில் நிறுத்திய புரொப்பேன் டார்ச் என்றால் செலவு குறைவு. கூட்டின் அடிப்பாகம் சாக்கெட்டுக்குள் இருக்க, வெளியே நீட்டும் கழுத்தை மெதுவாகச் சுழற்றியபடி, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் நெருப்பைக் காட்ட வேண்டும். எத்தனை நொடி என்பது உங்கள் டார்ச்சையும் தூரத்தையும் பொறுத்தது. என் கணக்கை உங்களுக்குச் சொன்னால் தப்பாகிவிடும்.

அந்த நொடிக் கணக்கைக் கண்டுபிடிக்க டெம்பிலாக் என்ற வெப்பநிலை காட்டும் பூச்சு கிடைக்கிறது. குறிப்பிட்ட சூட்டில் உருகும். 750 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 400 செல்சியஸ் பூச்சைக் கழுத்தின் உட்புறம் தடவுங்கள். 450 ஃபாரன்ஹீட் பூச்சைத் தோளுக்குக் கால் அங்குலம் கீழே வெளிப்புறம் தடவுங்கள். மேலே உள்ளது உருக வேண்டும், கீழே உள்ளது உருகக் கூடாது. அந்த நொடியைக் குறித்துக்கொண்டு, மீதி எல்லாவற்றுக்கும் அதே நொடி. செல்போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஓடவிட்டால் மனதுக்குள் எண்ணுவதைவிட நம்பகம். வேறு கம்பெனிக் கூட்டுக்கு மாறினால் கழுத்தின் தடிமனும் மாறும், மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

வெறும் கண்ணால் பார்த்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பாகுப் பதம் பார்ப்பது மாதிரி பழக்கத்தில் வரும் என்பார்கள். பட்டப்பகலில் கழுத்து ஆரஞ்சாக ஒளிர்வது தெரிகிறது என்றால் எப்போதோ பதம் தப்பியாயிற்று. அந்தக் கூடு தேறாது. சந்தேகம் இருந்தால், வீணானாலும் பரவாயில்லை என்று ஒரு கூட்டை எடுத்து, கழுத்தைக் குறட்டால் லேசாக நெருக்கி விடுங்கள். கொஞ்சமாவது திரும்பி வர வேண்டும். நெருக்கிய இடத்திலேயே மெழுகு போல நின்றால் சூடு அதிகம்.

தண்ணீர் விஷயம். கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவது நினைவில் இருப்பதால் வரும் சந்தேகம் இது. அது எஃகு. பித்தளை தண்ணீரில் போட்டால் இறுகாது, தானாக ஆறினாலும் அதே இளக்கம்தான். சூடு அடிப்பாகத்துக்கு இறங்காமல் தடுக்க வேண்டுமானால் முக்கலாம். அப்புறம் ஈரம் காய வைக்கும் வேலை ஒன்று கூடும். நான் முக்குவதில்லை.

சுத்தம் செய்ய அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் தொடாதீர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டைச் செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்த விளைவு அது என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921-இல் விளக்கினார்கள். சூடாக்கி அந்த இழுவிசையைத் தணிப்பதுதான் மருந்து. ராணுவத் தோட்டாக் கூடுகளின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை, தொழிற்சாலையில் அனீலிங் செய்த தடம்.

எத்தனை முறைக்கு ஒரு தடவை? ஒவ்வொரு சுற்றுக்கும் செய்பவர்களும் உண்டு, மூன்று நான்குக்கு ஒருமுறை செய்பவர்களும் உண்டு. எதுவானாலும் முழுத் தொகுதிக்கும் ஒன்றாகச் செய்யுங்கள், சைஸிங்குக்கு முன்னால் செய்யுங்கள். இலக்கில் துளைகளின் நெருக்கம் ஒரே நாளில் பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெடிமருந்தின் எடை முன்பின் இருந்தால் அனீலிங் அதைத் திருத்தாது. அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அது வேறு நோய். தோளை அளவுக்கு மேல் பின்னுக்குத் தள்ளியதால் கூட்டின் சுவர் நீண்டு மெலிந்திருக்கலாம். சூடு அதற்கு மருந்தல்ல, தூக்கிப் போட வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவை மறுபடி நிரப்பத் தனி உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

கீறல் விட்ட அந்த மூன்று கூடுகளையும் அனீலிங் காப்பாற்றாது. வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள். நசுக்காமல் ஓரமாக வைத்தால் அடுத்த மாதம் நல்ல கூடுகளோடு கலந்துவிடும்.