உண்ட வீடும் பிறந்த வீடும்

கேள்வி: பவானிசாகர் போன்ற முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழருக்கு வீடு, அரிசி, மாதப் பணம் எல்லாம் அரசு தருகிறது. அப்படியிருந்தும் முகாம் இளைஞர்கள் ஏஜென்டுகளிடம் பணம் கட்டி, உயிரைப் பணயம் வைத்து ஆஸ்திரேலியாவுக்குப் படகேறினார்களே, இது உண்ட வீட்டுக்கு இரண்டகம் இல்லையா?
- வாசகர், சத்தியமங்கலம்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்த முகாமுக்கு ஒருநாள் போய், இருபத்தைந்து வயதுள்ள ஒருவரிடம் அவர் எங்கே பிறந்தார் என்று கேட்டுவிட்டு இதை எழுதியிருக்கலாம். 1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்கள் அவருடைய பெற்றோரோ தாத்தா பாட்டியோதான். பெரும்பாலும் அவர் பிறந்தது இங்கேதான், எந்த எல்லையையும் அவர் தாண்டியதில்லை. ஆனாலும், 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்குக் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றும், 2004 டிசம்பர் முதல் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்வதால், அவர் பிறந்த மண்ணிலேயே அகதியாக இருக்கிறார். 2019-இல் வந்த குடியுரிமைச் சட்டத் திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது.

நீங்கள் சொல்லும் மாதப் பணம், 2021-இல் உயர்த்திய பிறகு, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய். பொறியியல் படித்தாலும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, பாஸ்போர்ட்டும் கிடையாது, ஆகவே பட்டம் பெற்ற பலரும் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். பனியன் ஆர்டர் பிடிக்க நம் திருப்பூர்க்காரர் விமானம் ஏறுவதற்கும் இவர்கள் தோணி ஏறுவதற்கும் நடுவே இருப்பது அந்தச் சிறு புத்தகம்தான்.

அந்தப் பயணத்தை நான் நியாயப்படுத்தவில்லை. படகில் வருவோரைக் குடியேற்றுவதில்லை என்று ஆஸ்திரேலியா 2013-லேயே அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும், 2014 ஜூனில், புதுச்சேரியிலிருந்து குழந்தைகளோடு புறப்பட்ட 157 பேரை நடுக்கடலில் மறித்து, ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்து, கடைசியில் தடுப்பு முகாம் உள்ள நவ்ரு தீவுக்கு அனுப்பினார்கள். இது தெரிந்தும் பணம் வாங்கும் ஏஜென்ட் மீதுதான் உங்கள் கோபம் திரும்ப வேண்டும்.

சட்டப்படி போகக் கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து, அதனால் பிறப்பாலேயே இந்தியக் குடிமகளான ஒரு பெண், பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை சென்று 2022-இல்தான் உத்தரவு பெற்றார். முதல் வாக்கை 2024-இல் அளித்தார். அவருக்கு ஓராண்டு பிந்தி, 1987 ஆகஸ்டில் அதே முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அந்த வழக்கைப் போடவும் வழியில்லை.