உச்சி வெயில் எத்தனை மணிக்கு?

சைக்கிள் கடைக்காரர் பதில்கள்

சென்ற இதழில், மகளுடன் தெற்குப் பிரான்சில் சைக்கிள் பயணம் போய்வந்ததை இரண்டே வரியில் சொல்லியிருந்தேன். காரைக்குடியில் கடை வைத்திருந்த 38 ஆண்டுகளில் எனக்கு வந்த கடிதங்களைவிட அந்த இரண்டு வரிக்கு வந்தவை அதிகம். வெயிலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

*சித்திரை வெயிலில் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் சைக்கிள் மிதித்த உங்களுக்கு ஐரோப்பா வெயில் ஒரு பொருட்டா?*
– வாசகர், பள்ளத்தூர்

இந்த இறுமாப்போடுதான் நானும் விமானம் ஏறினேன். முதல் நாளே அது இறங்கிவிட்டது.

நாங்கள் போனது 2019 ஜூன் கடைசி வாரம். அதே வாரம், 28ஆம் தேதி, வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி பதிவானது. பிரான்சில் அதுவரை காணாத வெயில். நாங்கள் துலூஸ் நகரிலிருந்து கார்கசோன் வரை, கனால் து மிடி என்ற கால்வாயின் கரையோடு 105 கிலோமீட்டர் போவதாகத் திட்டம். 'மிடி' என்றால் நமக்கு வறுமை. அவர்களுக்கு அது நண்பகல், தெற்குத் திசைக்கும் அதே பெயர். நண்பகல் கால்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஏமாற்றியதும் நண்பகல்தான்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பாதை தார் போட்டது, இரண்டு பக்கமும் பிளேன் என்ற நிழல் மரங்கள், கால்வாயில் படகுகள். பன்னிரண்டரைக்கு நாரூஸ் மேட்டை அடைந்தோம், 52 கிலோமீட்டர். 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கால்வாயை வெட்டிய ரிகே என்பவர் கண்டுகொண்ட இடம் அது. இங்கே விழும் தண்ணீர் மேற்கே போனால் அட்லாண்டிக், கிழக்கே போனால் மத்தியதரைக் கடல். மேட்டுக்குத் தண்ணீர் எப்படி வரும்? மலையில் அணை கட்டி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். நம் ஊருணிக்கு வரத்துக்கால் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும். (அந்த வரத்துக்கால்களை நாம் என்ன செய்துவிட்டோம் என்பது வேறு புலம்பல்.)

"உச்சி வெயில் தணியட்டும்" என்று மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தேன். மூன்று மணிக்கு எழுந்து, "இனி இறங்குமுகம்தான், வா" என்று மகளைக் கிளப்பினேன். நாற்பது வருட அனுபவம் பேசியது.

அங்கே தவறு நடந்தது. நம் ஊரில் சூரியன் தலைக்கு மேலே வருவது பன்னிரண்டேகால் மணி சுமாருக்கு. பிரான்சில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள். நாடே தன் இடத்துக்குப் பொருந்தாத கிழக்கத்திய நேரத்தில் ஓடுவது வேறு. இரண்டும் சேர்ந்து, துலூஸ் பக்கம் ஜூன் மாத உச்சிப்பொழுது கிட்டத்தட்ட இரண்டு மணிக்கு வருகிறது. வெயில் உச்சிக்குப் பிறகு மூன்று மணி நேரம் ஏறிக்கொண்டுதான் போகும். அதாவது மாலை ஐந்து மணிதான் அவர்களுடைய அக்கினி நட்சத்திரம். நான் நிழலில் தூங்கி, வெயிலில் கிளம்பினேன்.

நாரூஸ் தாண்டியதும் தார் போய்ச் சரளை வந்தது. மிதிக்கு மிதி பின்சக்கரம் வழுக்கியது. காற்று காய்ந்திருந்ததால் வியர்ப்பதே தெரியவில்லை. காரைக்குடியில் சட்டை நனைந்து எச்சரிக்கும், அங்கே மகளின் சட்டை முதுகில் உப்பு பூத்து வெள்ளை வெள்ளையாக வரைபடம் போட்டிருந்தது. நாலரை மணிக்கு என் கைகளில் புல்லரித்தது. பக்தியால் அல்ல. நாற்பது டிகிரியை ஒட்டிய வெயிலில் குளிர் எடுத்தால், உடம்பு கணக்கை முடிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். போத்தல் இரண்டும் காலி.

அடுத்து வந்த சிற்றூரில் கடைகள் எல்லாம் அடைப்பு. மகள் நேரே இடுகாட்டுக்கு வண்டியைத் திருப்பினாள். "அப்பா, இங்கே சைக்கிள்காரர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில்தான் தண்ணீர் பிடிப்பார்கள்" என்றாள். பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கக் கூடாத தண்ணீர் என்றால் 'நோன் பொத்தாப்ள்' என்று பலகை இருக்கும், அங்கே இல்லை. சுவரில் பித்தளைக் குழாய், பக்கத்தில் ஆணியில் வரிசையாகத் தொங்கிய பச்சைப் பூவாளிகள். இடுகாட்டுத் தண்ணீரைக் குடிப்பதா என்று ஒரு நிமிடம் நின்றேன். பிறகு குடித்தேன், குடித்துவிட்டு அதே குழாயடியில் தலையோடு நனைந்தேன். தீட்டும் அங்கேயே கழிந்தது.

காஸ்தெல்நோதரி என்ற ஊரை அடைந்தபோது மருந்துக் கடையின் பச்சைச் சிலுவைப் பலகை 38 காட்டியது, மணி ஐந்தரை. அந்த ஊரின் பெருமை, வெள்ளை மொச்சை போன்ற பயறையும் இறைச்சியையும் மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைத்த கசூலே. அந்த வெயிலிலும் வாசலில் உட்கார்ந்து ஆவி பறக்கச் சாப்பிட்டார்கள், கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். தேவாலயத்துக்குள் போனோம். கனத்த கல்சுவர், உயரமான கூரை. நம் வளவு வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் மதியம் படுத்தால் முதுகில் ஏறுமே, அதே குளிர்ச்சி. ஏழு மணிக்கு எழுந்து மீதி 40 கிலோமீட்டரை மிதித்தோம். ஒன்பதே முக்கால் வரை வெளிச்சம் இருந்தது. கார்கசோன் கோட்டை தெரிந்தபோது பத்து தாண்டிவிட்டது, சாப்பாட்டுக் கடையெல்லாம் மூடிவிட்டார்கள். பையில் இருந்த ரொட்டியும் ஊறுகாயும்தான்.

ஆகவே, ஆறு மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் நிறுத்துங்கள். மறுபடி ஏறுவதானால் ஏழு மணிக்கு மேல். மூன்று மணிக்கு ஏறாதீர்கள்.

*வெயிலில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் குறைத்துவிட வேண்டும் என்கிறார்களே?*
– கல்லூரி மாணவர், காரைக்குடி

என் கடையிலேயே பல பேர் கேட்டு, நானும் சில வருடம் இறக்கிவிட்டிருக்கிறேன். வீண் வேலை. காலை 20 டிகிரியில் 60 பவுண்டு அடித்த டயர், 40 டிகிரியில் 65 ஆகும், அவ்வளவுதான். நல்ல டயர் அதைத் தாங்கும். குறைத்துவிட்டால் மூட்டையோடு போகும் வண்டி கல்லில் அடிபட்டு ட்யூப் இரண்டு இடத்தில் கடிபடும்.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. ஒன்று, அவசரமாகச் சொல்யூஷன் தடவி ஒட்டிய பழைய ஒட்டு. வெயிலில் மெல்ல உரியும். இன்னொன்று, மலை இறக்கத்தில் பிரேக் கட்டையை விடாமல் அழுத்துவது. ரிம் கொதித்து ட்யூப் போய்விடும். அழுத்தி, விட்டு, அழுத்தி இறங்குங்கள்.

*தண்ணீர் மட்டும் குடித்தால் போதாதா?*
– வாசகி, புதுவயல்

போதாது. உப்பு போனால் தலை சுற்றும், வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இன்னும் மோசமாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. நான் நீர்மோர் பிரியன். தயிர் வாங்கிக் கரைத்துப் போத்தலில் அடைத்தேன். இரண்டு மணி நேர வெயிலில் அது புளித்துப் பொங்கி, மூடியைத் திறந்ததும் மகளின் முகத்தில் பீய்ச்சியது. மோரை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

*பாதி வழியில் முடியவில்லை என்றால் சைக்கிளோடு ரயில் ஏறலாமா?*
– வாசகர், கோட்டையூர்

பிராந்திய ரயில்களில் பெரும்பாலும் ஏறலாம். நாங்கள் ஏறியிருக்க வேண்டும். என் வீம்பு விடவில்லை.

*தம்பி, என் பேரன் ஜெனீவா ஏரியிலிருந்து கடல் வரை ரோன் நதி ஓரமாகச் சைக்கிளில் போகிறானாம், ஆடி மாதத்தில். தடுக்கலாமா? கையில் என்ன கொடுத்துவிடலாம்?*
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

தடுக்க வேண்டாம் ஆச்சி. 815 கிலோமீட்டர் பாதை, நதியோடு போவதால் மொத்தத்தில் இறக்கம்தான். அங்கே மிஸ்ட்ரால் என்று வடக்கிலிருந்து வீசும் காற்று உண்டு, அது அடித்தால் முதுகில் கைவைத்துத் தள்ளும்.

ஒன்றை மட்டும் தடுத்துவிடுங்கள். பாதி வழிக்கு மேல் இடப்பக்கம் மோன் வான்டூ என்ற மலை வெள்ளையாகத் தெரியும், 1,909 மீட்டர். சைக்கிள் பித்துப் பிடித்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஏறத் தோன்றும். உச்சிக்கு முந்தைய சில கிலோமீட்டரில் மரமே இல்லை. சுண்ணாம்புக் கல் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். 1967 ஜூலை 13 அன்று டாம் சிம்சன் என்ற இங்கிலாந்து சைக்கிள் பந்தய வீரர் அங்கேதான் விழுந்து இறந்தார், 29 வயது. உடம்பில் ஊக்கமருந்து இருந்தது, ஆனால் வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு. பேரன் ஏறித்தான் ஆவேன் என்றால் விடியற்காலையில் ஏறட்டும்.

கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, 112க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அந்த எண் சுவிட்சர்லாந்து, பிரான்சு இரண்டு நாட்டிலும் எடுக்கும்.

பலகாரத்தில் மாவுருண்டை வேண்டாம், நெய் உருகிப் பை முழுவதும் ஆகும். தேன்குழல் கொடுத்துவிடுங்கள். மாவில் உப்பு ஒரு சிட்டிகை கூடவே இருக்கட்டும்.