கடலில் கறுப்பு, படத்தில் சிவப்பு

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். லீவு கிடைத்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவேன். என் படங்களைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஒட்டுசுட்டான் மாணவி ஒருவர்: சேர், முல்லைத்தீவுக் கடலுக்குள்ள இருக்கிற கல்லுப் பாரில நீங்கள் எடுத்த பெரிய கண் மீன் செக்கச்செவேலெண்டு இருக்குது. இவ்வளவு சிவப்பா இருந்தால் பெரிய மீனுகள் கண்டுபிடிச்சுத் தின்னாதோ?

அந்தச் சிவப்பு என்னுடைய பிளாஷ் போட்ட சிவப்பு, பிள்ளை. வெயில் தண்ணிக்குள் இறங்க இறங்க, தண்ணி முதலில் குடித்துவிடுவது சிவப்பு ஒளியைத்தான். தெளிந்த கடலிலேயே 10 மீற்றருக்குக் கீழே சிவப்பு அநேகமாக மிஞ்சாது. சிவப்பு ஒளியே இல்லாத இடத்தில் சிவப்புத் தோல் எதைத் திருப்பி அனுப்பும்? கறுப்பாக, மிஞ்சிப்போனால் சாம்பலாகத்தான் தெரியும். இந்த மீன் பகலில் பாரின் இடுக்குக்குள் கிடந்து, பொழுதுபட்டபின் இரைதேட வெளிக்கிடுவது. அதற்கு அந்தத் தோல் ஒரு இருட்டுச் சட்டை.

நான் பிளாஷ் அடித்த அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்கு மட்டும்தான் அது சிவப்பு மீன். அதைத் தின்ன வருகிற மீன் அந்த நிறத்தை அங்கே காண்பதில்லை. என்னுடைய படங்களில் நீங்கள் ரசிக்கிற நிறங்களில் பாதி, நான் மேலேயிருந்து கொண்டுபோன வெளிச்சம்தான். பிளாஷ் இல்லாமல் எடுத்த படங்கள் நீலம் பாரித்துச் செத்த மாதிரி இருக்கும். ஒருவரும் விரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு உயிர் எப்படி ஒளிகிறது என்று படிக்க வேண்டுமென்றால் அந்தப் படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

இரணைதீவுக் கடற்தொழிலாளி ஒருவர்: தம்பி, கணவாயை வள்ளத்தில போட்ட பிறகும் தோல் மினுங்கி மினுங்கி நிறம் மாறுது. செத்த சாமானுக்கு என்ன நிறமாற்றம்?

ஐயா, கணவாயின் தோலுக்குள் மஞ்சள், சிவப்பு, கபிலம் என்று ஆயிரக்கணக்கான சாயப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பையைச் சுற்றியும் வண்டில் சில்லின் ஆரக்கால் போலத் தசைநார்கள். நார் இழுத்தால் பை விரிந்து பொட்டுப் பெரிதாகும். விட்டால் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தத் தசைகளை மூளையே நேராக நரம்பு வழியாக ஆட்டிவைக்கிறது. அதனால்தான் ஒரு நொடிக்குள்ளேயே வேறு கோலம் போடுகிறது. உயிர் போனபின்னும் தோலில் உள்ள நரம்பும் தசையும் கொஞ்ச நேரத்துக்கு அடங்காது. நீங்கள் காண்பது அந்த மிச்சத் துடிப்பு. சந்தையில் நாங்களும் அந்த மினுக்கத்தைப் பார்த்துத்தானே புதுக் கணவாய் என்று வாங்குகிறோம்!

இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் கண்ணில் நிறம் பிரிக்க மூன்று வகை நிறமிகள்; கணவாயின் கண்ணில் ஒன்றுதான். எங்கள் கணக்குப்படி அது நிறக்குருடு. ஆனால் வெளிச்சம், நிழல், பின்னணியில் கிடக்கும் கல்லின் பருமன் எல்லாவற்றையும் அளந்து அதற்கேற்பத் தோலை மாற்றுகிறது. ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று எங்கள் கண்ணுக்குப் பிடிபடாத ஒன்றும் அதற்குத் தெரியும். ஒருமுறை செத்த முருகைக்கல் கிடந்த இடத்தில் கணவாய் ஒன்றைப் படமெடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் படத்தில் ஆளைக் காணவில்லை. அலைக்கோடு போல வளைந்த அந்தக் கண்மணியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

மாங்குளம், உயர்தர மாணவன்: சேர், நாக்கு மீனும் திருக்கையும் ரெண்டும் தட்டை. ஒரே வம்சமோ? நாக்கு மீனின்ர கண் கொஞ்சம் கொஞ்சமா இடம் மாறினது எண்டால், பாதி மாறின கண்ணால என்ன பிரயோசனம்?

வம்சமே வேறு, தம்பி. திருக்கை சுறாவின் சொந்தம். மேலிருந்து அமுக்கிய ரொட்டி மாதிரி, வயிறு மணலில் படக் கிடக்கும். இரண்டு கண்ணும் மேலே. வாய் கீழே இருப்பதால் அதால் தண்ணி இழுத்தால் மண்ணும் வரும்; கண்ணுக்குப் பின்னாலுள்ள துளையால் இழுத்துக்கொள்கிறது. நாக்கு மீன் அப்படியில்லை. அது பக்கவாட்டில் சரிந்து படுத்திருக்கிற சாதாரண மீன். குஞ்சாக இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண். வளரும்போது ஒரு கண் தலையைத் தாண்டி மற்றப் பக்கம் வந்துவிடும். மணலோடு மணலாகப் படுத்து முகத்துக்கு நேரே படம் எடுத்துப் பாருங்கோ, வாய் கோணி, சின்னப் பிள்ளை கீறின முகம் மாதிரி இருக்கும். மணலில் தட்டையாகக் கிடப்பது என்ற ஒரே தேவைக்கு இரண்டு வம்சம் இரண்டு வழியால் வந்திருக்கிறது.

நீங்கள் கேட்ட 'பாதிக் கண்' கேள்வியை 1871இல் மைவார்ட் என்பவர் டார்வினை நோக்கிக் கேட்டார். அடுத்த வருடமே டார்வின் பதில் எழுதினார். ஆனால் எலும்பாகச் சாட்சி வந்தது 2008இல். ஏறத்தாழ 5 கோடி வருடப் பழைய புதைபடிவங்களில், வளர்ந்த மீனிலேயே ஒரு கண் பாதித் தூரம் ஏறி நிற்பதை புதைபடிவ ஆய்வாளர் மற் பிறீட்மன் காட்டினார். சரிந்து கிடந்து தலையைச் சற்று உயர்த்துகிற மீனுக்குக் கண் கொஞ்சம் மேலே ஏறியிருந்தாலும் லாபம்தான். பரீட்சையில் மட்டும் 'மீன் தன் தேவைக்காகக் கண்ணை நகர்த்தியது' என்று எழுதிவிடாதேங்கோ. கண் சற்று ஏறி அமைந்தவை அதிகம் தப்பின, அதிகம் பெருகின. அவ்வளவுதான் கதை.

முல்லைத்தீவு, ஒரு அம்மா: ராவு குசினியில வைச்ச காரல் மீன் இருட்டில மினுங்கினது. பேய் பிசாசோ எண்டு பயந்திட்டன்.

பேயில்லை அம்மா, பக்ரீறியா. காரலின் தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு சின்னப் பை இருக்கிறது. அதற்குள் ஒளிவிடும் பக்ரீறியாவைக் குடிவைத்திருக்கும். பகலில் வயிற்றுப் பக்கம் மெல்லிய வெளிச்சத்தைப் பரப்பும். கீழேயிருந்து பார்க்கிற பெரிய மீனுக்கு மேல்நீரின் வெளிச்சத்தோடு அது கலந்து, காரலின் நிழல் அழிந்துபோகும். இந்த வெளிச்சத்தைப் படமெடுக்க இரண்டு வருடம் முயன்று தோற்றேன். பிளாஷ் அடித்தால் அது தெரியாது. அடிக்காவிட்டால் மீனே தெரியாது. குசினியில் மினுங்கினது, வைத்திருந்த மீனில் இப்படியான பக்ரீறியா பெருகினதால். மினுக்கம் நஞ்சில்லை. என்றாலும் மீன் பழசாகிவிட்டது. சொதிக்குப் புதுசாக வாங்குங்கோ.

பூநகரி, அட்டைப் பண்ணையில் வேலைசெய்பவர்: கடல் அட்டையைத் தூக்கினால் முதலில கல்லு மாதிரி இறுகுது. சிலது குடலையே வெளியில தள்ளிவிடுது. செத்துப்போகுமோ?

உடனே தண்ணிக்குள் விட்டால் பெரும்பாலும் சாகாது. பல இனங்கள் ஆபத்தில் குடலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சில கிழமைகளில் புதுசாக வளர்த்துக்கொள்ளும். இறுகுவதும் இளகுவதும் தசையின் வேலை மட்டுமல்ல. தோலின் நார்களை ஒன்றோடொன்று பூட்டவும் கழற்றவும் அதற்கு முடியும். மூச்சுவிடுவது குதத்தால். சில இனங்களில் அந்த வாசலால் ஒரு மெல்லிய மீன் உள்ளே போய்க் குடியிருக்கும். அதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் கதைக்காமல் விடுவோம்.

விடத்தல்தீவு: ஆவுளியா படம் இருக்கோ அண்ணை?

கடற்பசு என்கிற ஆவுளியாவின் படம் இல்லை. ஒருமுறை முதுகு தெரிந்தது, ஒரு மூச்சுவிட்ட சத்தம், பிறகு கலங்கின தண்ணி. மூக்குத்துளை மூஞ்சியின் மேல்பக்கம் இருப்பதால் தலையை முழுதாகத் தூக்காமலே மூச்செடுத்துவிடும். கடற்புல் மேய்கிற இந்தப் பிராணிக்கு நெருங்கிய உறவு திமிங்கிலம் இல்லை, எங்கள் காட்டு யானை. ஆண் ஆவுளியாவுக்கு யானைத் தந்தம் போன்ற கொம்பு உண்டு. பால்மடி முன்துடுப்பின் அடியில், யானைக்கு முன்னங்காலுக்கிடையில் இருப்பது போல. படத்துக்காக இயந்திரப் படகில் துரத்தாதேங்கோ. வலையில் பட்டால் வலையை வெட்டி அதைப் போகவிடுங்கோ. சட்டத்தாலும் காக்கப்பட்ட பிராணி.

வவுனியா: நானும் தொடங்கப்போறன். என்ன கமரா வாங்க?

கமராவைவிடக் காலம் முக்கியம். வடகிழக்கிலிருந்து வாடை வீசினால் முல்லைத்தீவுக் கடல் கலங்கிவிடும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் வாருங்கோ. சோளகத்தில் மன்னார்ப் பக்கம்தான் கொந்தளிக்கும். எந்தக் கமரா என்றாலும் ஒரு முழத்துக்குள் கிட்டப் போங்கோ. பிளாஷை லென்சுக்குப் பக்கத்தில் வையாமல் பக்கவாட்டில் தள்ளி வையுங்கோ. இல்லாவிட்டால் மிதக்கிற தூசியெல்லாம் பனி பெய்த மாதிரி விழும். கமராவை வைக்கிற நீர்புகாப் பெட்டியின் ரப்பர் வளையத்தை ஒவ்வொருமுறையும் துடையுங்கோ. அளம்பிலில் ஒரு மணல் பருக்கையைப் பார்க்காமல் மூடி, என் முதல் கமராவைக் கடலுக்குக் கொடுத்தவன் நான்.