‘வர்ணனை அருமை’ என்பதற்குப் பிறகு

கேள்வி: எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் நாவல் எடுத்தால் இரண்டு மணி நேரம் விவாதம் ஓடுகிறது. இயற்கை பற்றிய நூல் எடுத்தால் ‘வர்ணனை அருமை’, ‘காடுகளைக் காக்க வேண்டும்’ என்று கால் மணி நேரத்தில் கலைந்துவிடுகிறோம். இவ்வகை நூல்கள் கூடிப் பேச ஏற்றவை இல்லையோ?

பதில்: ஏற்றவைதான். நீங்கள் இன்னும் நூலைப் பேசத் தொடங்கவில்லை. அதன் கருத்தை ஆமோதித்துவிட்டு எழுந்து போகிறீர்கள். காடு அழியலாம் என்று வாதாட உங்கள் வட்டத்தில் யாரும் இருக்கப்போவதில்லை. பிறகு எதைப் பேசுவது?

அடுத்த முறை ஓர் அத்தியாயம் மட்டும் எடுங்கள், நாற்பது பக்கத்துக்குள். அதில் ஒரு பத்தியை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பிறகு வரிவரியாக ஒரே கேள்வி: இது ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? நேரில் கண்டதா, பிறர் சொன்னதா, படித்ததா, ஊகமா? நகலெடுத்த தாளின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். ‘கிளையில் அமர்ந்து மூன்று முறை கத்தியது’ என்பது கண்டதும் கேட்டதும். ‘துணையைத் தேடிக் கத்தியது’ என்பது ஊகம். தன் எல்லையைக் காக்கவும் பறவை கத்தும், ஆபத்தை அறிவிக்கவும் கத்தும். துணைக்காகத்தான் என்று சொல்ல ஆசிரியர் என்ன ஆதாரம் தருகிறார் என்று தேடத் தொடங்கினால் வட்டம் இரண்டு கட்சியாகப் பிரியும். நீங்கள் எதிர்பார்த்த விவாதம் அதுதான்.

காலத்தையும் இப்படித் துருவலாம். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ வால்டன் குளக்கரைக் குடிலில் இருந்தது 1845 ஜூலை முதல் 1847 செப்டம்பர் வரை. 1854இல் வெளிவந்த அவரது ‘வால்டன்’ நூல் அதை ஒரே ஆண்டாகச் சுருக்கி, வசந்தத்தோடு அந்த ஆண்டை முடிக்கிறது. சுருக்கியதை அவரே நூலில் சொல்லிவிடுகிறார். அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன் 1962இல், பூச்சிக்கொல்லிகளின் கேடுகளைச் சொல்லும் ‘மௌன வசந்தம்’ நூலைப் பறவைக் குரல் அடங்கிப்போன ஓர் ஊரோடு தொடங்குகிறார். அப்படி ஓர் ஊர் இல்லை, ஆனால் அந்தக் கேடுகள் ஒவ்வொன்றும் எங்கோ நிகழ்ந்தவை என்று அந்த அத்தியாயத்திலேயே அறிவிக்கிறார். இருவரும் சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களா, நம்பியது தவறாகுமா? ஒரு மாலைக்கு இது போதும்.

கூட்டம் கெடும் வழிகளும் உண்டு. பறவை நோக்குபவர் ஒருவர் இருந்தால் அது அவருடைய வகுப்பாகிவிடும். களக் கையேட்டை அவரிடம் கொடுத்துத் தகவல்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பேச்சு கடைசியில். செல்பேசியில் படம் காட்டுவதையும் தள்ளிவையுங்கள். படம் வந்துவிட்டால், அந்த வாக்கியங்கள் தாமாகவே பறவையைக் கண்முன் நிறுத்தினவா என்று யாரும் சோதிக்க மாட்டார்கள். ஆள் எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

இன்னொன்றை நான் கட்டாயமாக்கவே சொல்வேன். கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் வெளியே ஒரே இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பத்து வரி எழுதி வர வேண்டும். நேரம், ஒளி, காற்றின் திசை, என்ன, எத்தனை. ‘அழகான’, ‘ரம்மியமான’ கூடாது. இருபது நிமிடம் ஏனென்றால், நாம் வந்து உட்கார்ந்ததும் உயிரினங்கள் ஒதுங்கிவிடும். மறுபடி தம் வேலைக்குத் திரும்பச் சற்று நேரமாகும். ஐந்தே நிமிடத்தில் எழுந்தவர் தன் வருகையால் உண்டான அமைதியைத்தான் எழுதியிருப்பார். இந்தப் பத்து வரியை எழுதிப் பார்த்தவர் ‘வர்ணனை அருமை’ என்று நிறுத்திக்கொள்ள மாட்டார். அந்த வரிக்கு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார் என்று கேட்பார்.

நூலை அறிவிக்கும்போதே, உரக்கப் படிக்கப்போகும் பத்தியின் பக்க எண்ணையும் பலகையில் எழுதிவிடுங்கள்.